முறத்தோடு சிரித்த கோமதி அத்தை

டிவியை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் கன்னத்தை வைத்தால் சடசடவென்று ஒரு கூச்சம் ஓடி, காது மடல் வரைக்கும் சிலிர்க்கும். அந்தச் சுகத்துக்காகவே கரிக்கலாம்பாக்கத்து எங்கள் வீட்டில் டிவியை அணைக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து போய் அதை அணைத்துவிட்டார்.

அது 'சந்தோஷ வீடு' என்ற சிரிப்பு நிகழ்ச்சி. சாம்பார் பொங்கி வழிவது, ஒற்றைச் செருப்பு தொலைவது, கரண்ட் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து நிற்பது என்று தினமும் வீட்டில் நடக்கிறவற்றைச் சின்னச் சின்னக் காட்சிகளாக நடித்துக் காட்டுவார்கள். கரும்புக் கழனியிலிருந்து வரும் அப்பா, கழுவிய கால் காய்வதற்குள் வந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத, கோழி அறுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர்.

அன்று புதிதாக ஒரு பெண் வந்தாள். அரிசி புடைத்தபடியே, புருஷன் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பிடி அரிசியை அவன் தலையில் கொட்டிவிட்டு, முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திரும்பினால், அப்பா முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க, நம்ம கோமதிங்க" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவர் எழுந்து போய் அணைத்தார்.

"கோமதி யாரும்மா?"

"உன் அத்தைடி. அப்பாகூடப் பொறந்தவ."

வீட்டில் அவளுடைய ஒரு போட்டோ இல்லை, ஒரு பேச்சு இல்லை. எனக்கு ஓர் அத்தை இருப்பதையே டிவிதான் சொல்ல வேண்டியிருந்தது.

விடிந்ததும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய அவித்த வேர்க்கடலையோடு, எங்கள் பக்கத்து 'மல்லாட்டை'யோடு, சென்னைக்குப் பஸ் ஏறினார். "இதுன்னா கோமதிக்கு உசுரு" என்று அம்மாவிடம் சொன்னபோது, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல் இருந்தார்.

மறுநாள் அதே பையோடு திரும்பி வந்தார். கடலை ஊசிப்போயிருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். டிவி ஸ்டுடியோ கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன். வேன்ல வந்து எறங்கினா. என்னப் பாத்ததும் கத்திக்கினு உள்ள ஓடிட்டா. வாட்ச்மேன் என் சட்டையப் புடிச்சு வெளிய தள்ளிட்டான்." பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இன்னும் பயப்படறா" என்றார்.

அப்பாவைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? அவர் கழனிக்குப் போனதும் அம்மாவை நச்சரித்தேன். கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்.

"அவ வேற சாதிப் பையனக் கட்டிக்கினு போயிட்டா. உங்கப்பா அருவாள எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொரத்திக்கினு போனாரு. பஸ்சு கெளம்பிடுச்சு, அதனால பொழச்சா."

"எந்த அருவா?"

"வேற எது? கரும்பு வெட்டறதுதான்."

எனக்குக் கணு கணுவாகச் சீவிக் கொடுக்கிற அதே அருவாள். அன்றைக்கு அப்பா வந்து தலையைத் தடவியபோது, என்னையும் அறியாமல் என் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் அதைக் கவனித்தார். கையை எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு டிவியைப் போட்டேன், யாரும் தடுக்கவில்லை. அதே சமையலறை, அதே புருஷன், அதே முறம். புடைத்துக்கொண்டிருந்தவள் வேறொருத்தி. அப்பா கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை அப்புறம் எந்த வாரமும் வரவில்லை. எங்கள் கண்ணில் பட்டதற்காகவே கிடைத்த வேலையைப் போட்டுவிட்டு அவள் இன்னொரு முறை ஓடியிருக்கிறாள் என்பது, நான் வளர்ந்து, எனக்குப் பிடித்தவனைப் பற்றி வீட்டில் வாய் திறக்கப் பயந்த நாளில்தான் உறைத்தது.

இன்று அந்தச் சேனல் இல்லை. எங்கள் கரும்புக் கழனியும் கல் நட்ட மனைகளாகிவிட்டது. போன மாதம் யாரோ யூடியூபில் 'சந்தோஷ வீடு' நிகழ்ச்சியின் ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போனை முகத்தருகே பிடித்து முழுக்கப் பார்த்தார்.

"இவ அப்புறம் வந்தவ பாப்பா. வேற எதனா இருக்கா பாரு" என்று திருப்பிக் கொடுத்தார்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தை கிடைத்தால் அவரிடம் சொல்வேனா என்பதுதான் தெரியவில்லை.