விரிசல் விட்ட குரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரி மேலே ஏறிக்கொண்டு போகும், சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வைத்திருந்த சங்கதி இது. ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓர் இங்கிலீஷ் பாட்டின் மேல் பைத்தியமாக இருந்தேன்.

செல்போனில் பாட்டு வராத காலம். அண்ணி இறந்த மறு வருஷம், சமைத்துப்போட ஆளில்லை என்று விருத்தாசலத்தில் அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தேன். அண்ணனுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அங்கேயே எனக்கும், வெந்து வந்த கப்புகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். நல்ல கப்பைச் சுண்டினால் ‘ணங்’ என்று நீளமாகப் பேசும். விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ‘டொக்’ என்று அடைத்துக்கொள்ளும். அது கழிவுக் கூடைக்கு.

அண்ணன் மகள் சென்னையில் காலேஜ் படித்தாள். லீவுக்கு வந்தவள் சின்னப் பாட்டுப்பெட்டி ஒன்றும், சிநேகிதி பதிந்து கொடுத்த ஒரே ஒரு சிடியும் கொண்டுவந்தாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதையே கேட்டபடி இருப்பாள். ஒருநாள் ஒயர் கழன்று சத்தம் வெளியே வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் காதில் ஓர் ஆண் உறுமுவது விழுந்தது.

“இன்னாடி இது, பேயி வாந்தி எடுக்குற மாதிரி?”

“பாட்டுப்பா.”

“இதுவா பாட்டு?”

அண்ணி போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் கத்துவார். குழம்பில் உப்புக்கு, வாசலில் கிடக்கும் செருப்புக்கு, சாத்தாத கதவுக்கு. அன்றைக்குப் பாட்டுக்கு. என் பக்கம் திரும்பி, “இந்தாம்மா, நீ கூட உக்காந்து கேளு. கண்ட கருமமா இருந்தா சொல்லு, சூளையில போட்டுர்றேன்” என்றார்.

அவர் கை கழுவப் போனதும் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, அத மட்டும் குடுத்துறாதீங்க.” ஒரு சிடிக்கு ஏன் இப்படி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒயரின் ஒரு முனை அவள் காதில், மறு முனை என் காதில். முதலில் ஹார்மோனியம் போல ஏதோ இழுத்தது. அதன் மேல் தகரக் கூரையில் கல் உருட்டுவதுபோல கிடார். பிறகு ஒரு பெண் குரல். ‘ணங்’ என்று இருந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவள் இறங்கி இழுத்த இழுப்பு எனக்குத் தெரிந்த இழுப்பு. சாவு வீட்டில் கட்டிப்பிடித்து உட்காரும்போது வருவது. அப்புறம் அந்த ஆள் வந்தான். ‘டொக்.’

“பாப்பா, இந்த ஆளு கழிவு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு அப்பிடித்தான் பாடுவாரு அத்தை.”

“பாடச் சொன்னா இருமுறாரு.”

ஆனாலும் விட முடியவில்லை. ஒரு பாட்டு முடிந்தது என்று நினைத்தால் வேகம் மாறி வேறெங்கோ போகும். முதல் பாட்டில் கேட்ட மெட்டு, ரொம்பக் கழித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு அதே பெண் வருகிற மாதிரி வரும். அது எங்கே வரும் என்று காத்திருப்பேன். வேலை முடிந்து வந்ததும் நானே ஒயரைக் கேட்க ஆரம்பித்தேன். கம்பெனியில் பக்கத்தில் உட்காருகிறவள், “இன்னாக்கா, கப்புல தாளம் போடுற?” என்று கேலி செய்தாள். போகப் போக, அந்தக் கழிவுக் குரல் இல்லாத இடத்தில் பெண் குரல் தனியாக நிற்பதுபோலத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை.

லீவு முடியும் நேரம், அது என்ன பாட்டு என்று அண்ணன் கேட்டார். அவர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒப்பாரிண்ணே” என்றேன்.

“யாருக்கு?”

“தெரியல. பொம்பள அழுவுறா. ஆம்பள இன்னாத்துக்கோ கத்துறான்.”

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, “சத்தமா வெய்யச் சொல்லு” என்றார். அவள் ஒயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெண் குரலை அசையாமல் கேட்டார். உறுமல் வந்ததும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அடிபம்பு அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு சிடியை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். சூளைக்குத்தான் என்று நானும் நினைத்தேன்.

ஈர முகத்தோடு வந்தவர், “ஏன் நிறுத்துன?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வெயிலுக்கு முகம் கழுவினார் என்று நினைத்தேன். சிடி அவளோடு சென்னைக்குப் போனது.

அண்ணனும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருமுறை போனில் அவளிடம் அந்தப் பாட்டின் கதையைக் கேட்டேன். எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதையாம். “செத்துப்போனதே அந்தப் பொம்பளதான் அத்தை. அவ அழுவல, அங்கேருந்து கூப்புடுறா. அழுவுறது அவ வூட்டுக்காரரு.”

“அழுகையா அது?”

“அவருக்கு அப்பிடித்தான் அழ வரும்.”

அந்த சிடியின் பேர் எனக்குத் தெரியாது. உறுமல் வருவது இரண்டாம் பாட்டிலா மூன்றாவதிலா என்பதும் மறந்துவிட்டது. இதைப் படித்தால் என் அண்ணன் மகளே சரிபார்த்துத் திருத்தட்டும். அப்படியே, அன்றைக்கு அடிபம்பு எவ்வளவு நேரம் கேட்டது என்பதையும், உண்மையில் வெயில் அடித்ததா என்பதையும் அவள் சொன்னால் நல்லது.