ஆடிட் நாளில் பூட்டிய கதவு

பூட்டிய கழிப்பறையைப் பார்த்தால் எனக்கு ஏன் ரத்தம் கொதிக்கிறது என்று என் துறைக்காரர்களுக்குப் புரிந்ததில்லை. பெருங்குடல் அழற்சிக்குப் புது மருந்துகளைச் சோதிப்பது என் வேலை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய் அது. ரத்தமாகப் போகும். வந்துவிட்டால் அடக்க முடியாது. கருத்தரங்குகளில் மருந்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று நான் கேட்டால் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

என் ஆய்வில் ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். நாங்கள் சோதித்த ஊசிக்கு நோய் நன்றாகவே கேட்டது. ரத்தம் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது புண்கள் ஆறிக்கொண்டிருந்தன. அவசரம் மட்டும் இன்னும் விடவில்லை. அது கடைசியில்தான் போகும். அதுவரை அவள் வேலையில் இருந்தாக வேண்டும். வேலை போனால் ஊருக்குத் திரும்புவாள். அங்கே இந்த ஊசி கிடையாது.

அவளுடைய முதலாளி எங்கள் மருத்துவமனைக்கு எண்டோஸ்கோபி கருவி வாங்கித் தந்த புண்ணியவான். கருவியைவிட அவர் பெயர்ப்பலகை பெரிது. அவளிடம் கேட்டுக்கொண்டு அவரைப் போய்ப் பார்த்தேன். எந்த நேரமானாலும் அவளைக் கழிப்பறைக்குப் போகவிட வேண்டும் என்றேன்.

“இதுக்கெல்லாம் நீங்க வரோணுங்களா டாக்டர்? நம்மூட்டுப் பொண்ணு மாதிரிங்க. தாராளமாப் போகட்டுமுங்க” என்றார். இளநீர் வேறு வெட்டித் தரச் சொன்னார். நம்பிக் குடித்துவிட்டு வந்தேன்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளுக்கென்று அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தின நாளே கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவி, புது சோப்பு வைத்துப் பூட்டிவிடுவார்கள். வந்தவர்கள் பார்த்துத் திருப்தியாகக் கிளம்பும்வரை சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருக்கும். டெய்லர்கள் அன்று தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார்கள். யாரும் போகாத கழிப்பறையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகும் அந்தக் கனவான்களையும் எனக்கு அறவே பிடிக்காது.

அப்படி ஒரு ஆடிட் நாளில் அவளும் பட்டினியாகத்தான் வேலைக்குப் போனாள். குடல் அதையெல்லாம் கேட்குமா? சூப்பர்வைசரிடம் சாவி கேட்டிருக்கிறாள். “இப்ப வந்துருவாங்க, செத்த பொறு” என்றானாம். மிஷினை விட்டு எழுந்து ஓடியவள் பூட்டுக்கு எதிரிலேயே நின்றுவிட்டாள். கால் வழியே இறங்கியதைத் தையல் லைன் முழுக்கப் பார்த்தது.

மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள். போனில் அழைத்தேன்.

“எல்லாரும் பாத்துட்டாவ டாக்டரம்மா. இனி அங்ஙன எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவேன்?”

ஊசிக்காவது வா என்று கெஞ்சினேன். வரவில்லை. எங்கள் ஆய்வின் விதிப்படி, பாதியில் விலகுகிறவர்கள் மருந்து பலிக்காதவர்கள் கணக்கில் போவார்கள். பூட்டு செய்த வேலைக்கு மருந்தின் மேல் பழி. முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நாங்க போகச் சொல்லலீங்களே. அதுவாத்தானுங்க போயிருச்சு” என்றார்.

சில மாதம் கழித்து அவரே குடல் பரிசோதனைக்கு என்னிடம் வந்தார். குடலைக் காலி செய்யும் பேதி மருந்தை வேளையோடு குடித்துவிடச் சொல்லியிருந்தோம். போன் பேச்சில் மறந்து, கிளம்பும்போது மடமடவென்று குடித்திருக்கிறார். காரிலேயே அது வேலையைக் காட்டிவிட்டது. வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

“டாக்டர், பாத்ரூம் எங்கீங்க?”

கழிப்பறை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. மறித்துக்கொண்டு அப்படியே நிற்கலாமா என்று தோன்றியது. தோன்றியதற்கு நான் வெட்கப்படவில்லை. விலகிக் கதவைத் திறந்துவிட்டேன். ஓடினார்.

வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா மானமே போயிருக்குமுங்க” என்று சிரித்தார்.

“அவளுக்குப் போயிருச்சுங்க” என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டுப் பரிசோதனை அறைக்குள் போனார். படுக்கையில் ஏறி, நான் சொல்வதற்கு முன்பே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.