இன்னும் பூக்கவில்லை என்று எழுதியவர்

ஒரு ஊரைப் பற்றி எழுதவேண்டும் என்றால் கும்சுன் அக்கா முதலில் போவது அங்குள்ள பொதுக் குளியல் கூடத்துக்கு. ஆறு, சந்தை, பாலம் எல்லாம் பிறகுதான். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு முதுகு தேய்த்துவிட்டு வெளியே வரும்போது ஊரே அவர் கையில் இருக்கும். எங்கள் வாரப் பத்திரிகைக்காக அவரோடு படம் எடுக்கப் போகும் நான், அதுவரை லாரியில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

அது அவருடைய பழைய கருவாட்டு லாரி. எழுத வருவதற்கு முன், இப்போது நாங்கள் சுற்றும் இதே சொம்ஜின் ஆற்றங்கரை ஊர்களில் கருவாடு விற்றவர் அவர். மழைக்காலத்தில் இருக்கைகளிலிருந்து இன்றும் நெத்திலி வாசம் கிளம்பும். செம்மண் கலங்கி ஓடும் ஆறு, சீமைப் பனிச்சைப் பழங்கள் சிவந்து தொங்கும் கூரையோரங்கள், உறைபனிக் காலையில் சிப்பி சூப் கொதிக்கும் கடைகள் என்று நாலு பருவத்திலும் பார்க்காத ஊரைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார்.

இந்த வசந்தத்தில் பிளம் பூத் திருவிழா நடக்கும் ஊருக்குப் போனோம். விழாத் தேதியைக் குளிர்காலத்திலேயே குறித்துவிடுவார்கள். மரங்களை யாரும் கேட்பதில்லை. விழாக் குழுத் தலைவர் மா என்பவர் எங்களைத் தேநீர்க் கடையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க எழுத்தாளரம்மா! மலை முழுக்க வெள்ளையா பூத்திருக்குன்னு ரெண்டு வரி போடுங்க, போதும்."

"மலையப் பாத்துட்டுதான் வர்றேன் தலைவரே. மொட்டு பார்லி அரிசி மாதிரி இருக்கு."

"பேப்பர் வர்றதுக்குள்ள பூத்துரும்."

"அத மொட்டுகிட்ட சொல்லிட்டீங்களா?"

மா என் பக்கம் திரும்பினார். "தம்பிகிட்ட போன வருசத்துப் போட்டோ இருக்குமே?"

இருந்தது. நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன ஏன் கேக்குறீங்க? போன வருசத்துச் சோத்த இந்த வருச விருந்தாளிக்குப் போடுவீங்களா?"

"எங்க விளம்பரத்துலதான் உங்க பக்கமே ஓடுது. ஞாபகம் வச்சுக்குங்க" என்று எழுந்து போனார் மா.

லாரியில் ஏறுவதற்குள் ஆசிரியர் தொலைபேசியில் வந்துவிட்டார். "கும்சுன், விளம்பரம் போச்சுன்னா உன் பக்கத்தச் சமையல் குறிப்புக்குக் குடுத்துருவேன். பூத்துருச்சுன்னு எழுதித் தொலையேன்!"

"காலையிலதான் தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு முதுகு தேச்சுட்டு வந்திருக்கேன் சார். இன்னும் நாளாகும்ங்கறாங்க. பொய் எழுதிட்டு மறுபடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி உக்கார்றது? அதுவும் துணியில்லாம!"

கடைசித் தடவை என்று திட்டிக்கொண்டே ஆசிரியர் அச்சுக்கு அனுப்பினார். நான் எடுத்த மொட்டை மரத்தின் படம். அதன் கீழே, 'இன்னும் பூக்கவில்லை. இப்போது வராதீர்கள். பூத்ததும் சொல்கிறேன்.'

திறப்பு விழாவில் பாடகி காலி நாற்காலிகளுக்குப் பாடினார். மறுவாரம் அக்காவின் பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் செய்முறை வந்தது. அதை அவர் இரண்டு முறை படித்தார். "உப்பு போட மறந்துட்டாங்க" என்றார். பத்திரிகையைப் பிறகும் வெகுநேரம் மடிக்காமல் வைத்திருந்தார்.

ஆனாலும் அந்த ஊர்க் குளியல் கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு காலை ஈரத் தலையோடு ஓடி வந்தார். "கெளம்பு! கதவத் தொறந்தா கண்ணு கூசுற வெள்ளையாம்!"

ஆசிரியரிடம் கெஞ்சியதில் சமையல் குறிப்புக்கு அடியில் ஒரு மூலை கிடைத்தது. 'பூத்துவிட்டது. வாருங்கள்.' அவ்வளவுதான்.

விழாவின் கடைசி நாளான அந்த ஞாயிறு ஆற்றங்கரைச் சாலையில் கார்கள் நகரவில்லை. எங்கள் லாரிக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு நின்றிருந்த ஒருவரிடம், எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பேப்பர்ல அந்தம்மா வராதேன்னாங்க, வரல. வான்னாங்க, வந்துட்டோம். வேற யாரக் கேக்குறது?"

அக்காவுக்கும் அது கேட்டிருக்கவேண்டும். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது தொலைபேசியில் மா கூப்பிட்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? என் விழாவுக்கு என்னாலயே போக முடியல! வண்டி ஒரு அடி நகரல!"

"எறங்கி நடந்து வாங்க தலைவரே. இன்னிக்கு நடந்து பாத்தாதான் அழகு."

அடுத்த அழைப்பு ஆசிரியருடையது. சமையல் குறிப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"அடுத்த வாரம் எந்த ஊரு?" என்றார்.

"குளிச்சுட்டுச் சொல்றேன் சார்" என்றார் அக்கா.