அருவிக்கரைப் போலீசும் என் மாமனார் கடை முக்காலியும்

போலீஸ்காரருக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுப்பது என்பது, ஊரே பார்த்துப் பயப்படுகிற ஓர் ஆளிடம் போய், “உங்களை இப்போது கீழே தள்ளப் போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது” என்று கேட்டுக்கொள்கிற தொழில். நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவராக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பள்ளிக்கூட வாத்தியார் அடித்தால் பையன் அழுவான். என்னிடம் படித்தவர்கள் கையில் விலங்கு வைத்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் குற்றாலத்துத் துண்டுதான். முந்தின சீசனில் அருவிக்கரையில் ஒரு கான்ஸ்டபிள், வரிசையை மீறி நுழைந்த ஒருவரை லத்தியால் முதுகில் ஒன்று போட்டுவிட்டார். வாங்கியவர் மதுரைப் பக்கத்து ஜட்ஜ். ஈரத் துண்டோடு நிற்கும்போது ஜட்ஜையும் ஜேப்படிக்காரனையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆகவே அருவிக்கரையில் இனி லத்தி எடுக்கவே கூடாது, வேட்டி சட்டையில் நின்று வெறுங்கையால்தான் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெறுங்கையால் பிடிக்க யாருக்குத் தெரியும்? தென்காசியில் குஸ்தி பழகி, பட்டாளத்தில் சில வருஷம் வெறுங்கைச் சண்டை கற்றுத் திரும்பியிருந்த எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். சாரல் முடிகிறவரை வகுப்பு. கடைசியில் டி.எஸ்.பி. வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அதோடு சரி.

அதோடு சரி என்றால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. என் மாமனாருக்குக் கீழப்பாவூரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. மகளைக் கட்டிய மாப்பிள்ளை மல்லுக்கட்டிப் பிழைக்கிறான் என்று சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கோ அந்தக் கடை வாசலில் கால் வைத்தாலே தும்மல் ஓயாது. நான் வகுப்பைத் தொடங்கிய அன்று வீட்டுக்கு வந்தவர் சந்தோஷமாகவே சொன்னார்: “நல்லாச் செய்யும் மாப்ள. சீசன் முடியட்டும். ஒமக்குன்னு கடையில ஒரு முக்காலி அடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.”

கஞ்சி

காவல் நிலையத்துக்குப் பின்னால் சிற்றாற்று மணலைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் தொழிலில் முதல் பாடம் விழுவது. அடிபடாமல் விழத் தெரிந்த பிறகுதான் அடுத்தவரை விழ வைக்கலாம். நான் ஓடிவந்து தோளைக் கொடுத்து உருண்டு எழுந்து காட்டினேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். “இப்ப நீங்க” என்றேன். ஒருவரும் நகரவில்லை.

பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தைரியத்தைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பட்டாளத்துக் கதை ஒன்றும் சொன்னேன். அப்போதும் நகரவில்லை. செல்லையா என்ற கான்ஸ்டபிள், நல்ல தேகக்கட்டு உள்ளவர், வாய் திறந்து பேசக் கூடியவர், தன் நிக்கரைத் தொட்டுக் காட்டினார். அது தகரம் போல விறைத்துக்கொண்டு நின்றது. “விழுததுக்கு எங்களுக்கென்ன பயம் வாத்தியார்? உருண்டா கஞ்சி போயிரும். டோபி இனி வியாழக்கெழமதான் வருவான்.”

ஏட்டையா விழுந்த விதம்

மறுநாளிலிருந்து எல்லாரும் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கஞ்சிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து வந்தது பதவிப் பிரச்சினை. அருணாசலம் என்று ஒரு கான்ஸ்டபிள். சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைச் செய்யவே மாட்டார். அவருக்கு ஜோடியாக அமைந்தவர் ஏட்டு சுடலைமுத்து. தொப்பையும் மீசையுமாக, அந்த ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு அடுத்தபடி எல்லாரும் நடுங்குகிற ஆள்.

அருணாசலம் ஏட்டையாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, “ஐயா, தள்ளட்டுங்களா?” என்று கேட்டார். “இருலே, வெத்தலையத் துப்பிக்கிடுதேன்” என்றார் ஏட்டையா. துப்பினார். அருணாசலம் காலை வாரினார். நான் சொல்லிக்கொடுத்ததை விடச் சுத்தமாக வாரினார் என்றே சொல்ல வேண்டும். ஏட்டையா மணலில் மல்லாந்து விழுந்தார். உடனே அருணாசலம் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கத்து மணலைத் தட்டிவிட்டு, ஓரடி பின்னால் போய் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். ஏட்டையாவும் பதில் சல்யூட் வைத்தார். பிறகு மறுபடி மணிக்கட்டு, மறுபடி “தள்ளட்டுங்களா?”

அவர்களைப் பார்த்து மற்ற ஜோடிகளும் இதையே பிடித்துக்கொண்டார்கள். தள்ளு, தூக்கு, தட்டு, சல்யூட். பார்க்க டிரில் போல அழகாகத்தான் இருந்தது. இந்தச் சல்யூட்டெல்லாம் எதற்கு என்று ஏட்டையாவைத் தனியாகக் கேட்டேன். அவர் மீசையிலிருந்த மணலை உதறிக்கொண்டே சொன்னார்: “தள்ளுதது தப்பில்ல வாத்தியார். தள்ளிட்டு மண்ணத் தட்டிவிடாமப் போனாத்தான் அது ஒழுங்கீனம்.”

எண்ணெய்

சாரல் நன்றாக விழுந்து கூட்டம் சேர்ந்ததும், மெயின் அருவியில் நேரடிப் பயிற்சி. நானும் ஓரமாகத் துண்டு கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தடித்த மனிதர், அருவிக்கடியில் போய் நின்றவர், வெளியே வருவதாக இல்லை. பின்னால் வரிசை கத்துகிறது. நான் செல்லையாவுக்குக் கண்ணைக் காட்டினேன். செல்லையா பின்புறமாகப் போய்த் தோளில் பிடி போட்டார். வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த மனிதர் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்திருந்தார். குற்றாலத்தில் யார்தான் தேய்ப்பதில்லை? இத்தனை நாள் காய்ந்த மணலில் காய்ந்த உடம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்.

செல்லையா விடவில்லை. மறுபடி பிடித்தார், வழுக்கியது. கழுத்தோரம் பிடித்தார், முதுகுக்கு இறங்கியது. கட்டைவிரலை அழுத்தி என்னவெல்லாமோ செய்து பார்த்தார். தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டிருக்க, அந்த மனிதர் கண்ணை மூடியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “கை பதமா இருக்கு வே. அப்படியே அந்த எடது தோளையும் கொஞ்சம் பாரும்.”

பிடிக்க வேண்டிய இடம்

அன்று சாயங்காலமே பாடத்தை மாற்றினேன். எல்லாரையும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். கையைப் பிடிக்காதே, தோளைப் பிடிக்காதே, இடுப்புத் துண்டின் முடிச்சைப் பிடி. துண்டை விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்குத் துணிந்தவன் இந்தத் தாலுகாவில் இல்லை. பிடித்ததும் காலை வாரு. பாடம் பிரமாதமாக ஏறியது. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஆனால் உற்சாகம் ஊட்டினால் அதற்கும் ஒரு விலை உண்டு. செல்லையாவைச் சில நாள் புளியறை செக்போஸ்டுக்கு மாற்றினார்கள். மாநிலம் பிரிந்து, கேரள எல்லையான அங்கே செக்போஸ்ட் போட்ட புதிது. உன்னை நோக்கி எந்தக் கை நீண்டாலும் உடனே மணிக்கட்டை மடக்கு என்பது என் இன்னொரு பாடம். லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே பெர்மிட்டை நீட்டினார். செல்லையா அந்தக் கையை மடக்கிப் பிடித்துவிட்டார். சரிவான ரோடு. லாரி மெதுவாகப் பின்னால் நகர, பிடித்த கையை விடாமல் செல்லையாவும் கூடவே நடக்க, பார்த்தவர்களுக்கு ரெண்டு பேரும் கைகோத்து உலாவப் போவது போல இருந்ததாம். கொல்லம் பக்கத்து டிரைவர் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்: “ஏமானே, கைய அப்புறம் பிடிச்சோ. இப்போ ஹேண்ட் பிரேக் போட அந்தக் கை வேணும்.”

அருணாசலத்தின் மரியாதை

டி.எஸ்.பி. வருவதற்குச் சில நாள்தான் இருந்தது. ஐந்தருவியில் துணி மூட்டைகளைக் கிளப்புகிறவன் ஒருவன் கொஞ்ச நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தான். குளிக்கிறவர் போலவே எண்ணெய் தேய்த்து, துண்டு கட்டி, கரையில் வைத்த மூட்டைகளில் கனமானதை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவான். அன்று அருணாசலத்தின் கண் முன்னாலேயே ஒரு மூட்டையை எடுத்தான். வீரகேரளம்புதூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாளின் மூட்டை அது. அருணாசலம் பாய்ந்து துண்டு முடிச்சைப் பிடித்தார். காலை வாரினார். அவன் மூட்டையோடு தொப்பென்று விழுந்தான். நான் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை மட்டும் டி.எஸ்.பி. பார்த்திருந்தால் என்று நினைத்தேன்.

நினைத்து முடிப்பதற்குள் அருணாசலம் குனிந்து, கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினார். பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டார். ஓரடி பின்னால் போய் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். அந்தத் திருடன் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவனும் ஒரு சல்யூட் வைத்துவிட்டு, யாரும் சந்தேகப்பட முடியாத நடையில் கூட்டத்துக்குள் போய்விட்டான். நான் கத்திய கத்தல் அருவிச் சத்தத்தில் எங்கே கேட்கும்? கீழே கிடந்த மூட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அந்த அம்மாள் அருணாசலத்திடம் பயபக்தியோடு கேட்டாள்: “எய்யா, அவுக என்ன, மப்டியில வந்த இன்ஸ்பெக்டரா?”

வாத்தியார் சொல்லணும்

இன்ஸ்பெக்டர் என்னை என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒரே சட்டம்: தள்ளிய பிறகு தூக்கக் கூடாது, தட்டக் கூடாது, சல்யூட் கூடவே கூடாது. ஆளைக் கவிழ்த்து முழங்காலை முதுகில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் “விடு” என்று சொல்லுகிறவரை, இன்ஸ்பெக்டரே வந்து சொன்னாலும் விடக் கூடாது. அருணாசலம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் பண்ணினார்.

டி.எஸ்.பி. வந்தார். நல்ல ஆகிருதி. இளமையில் அவரும் குஸ்தி பழகியவராம். ஜோடி ஜோடியாக எல்லாரும் செய்து காட்டினார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பழகின ஆளைப் பழகின ஆள் தள்ளுறது நாடகம். இதுக்கா ஒரு வாத்தியார்?” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே வற்றல் நெடி அடித்தது. தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி ஆர்டர்லியிடம் கொடுத்துவிட்டு அவரே மணலில் இறங்கினார். “யாராவது ஒருத்தன் வா. என்னைப் பிடி பார்ப்போம்.” ஒருவரும் அசையவில்லை. பயந்துபோய் நான்தான் “அருணாசலம்” என்றேன். சொன்னதைச் செய்கிறவர் அவர் ஒருவர்தானே!

டி.எஸ்.பி. ஒரு பக்கம் சாய்ந்து போக்குக் காட்டினார். அருணாசலம் மறுபக்கம் நுழைந்து காலை வாரினார். அடுத்த நொடி டி.எஸ்.பி. குப்புறக் கிடந்தார், முதுகில் அருணாசலத்தின் முழங்கால். தூக்கவில்லை, தட்டவில்லை, சல்யூட் இல்லை. எல்லாம் நான் சொன்னபடி. இன்ஸ்பெக்டர், “ஏலே, விடுலே! விடுலே!” என்று குதித்தார். “வாத்தியார் சொல்லணும்யா” என்றார் அருணாசலம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகக் காற்றுதான் வந்தது. ஒரு கன்னம் மணலில் பதிந்த நிலையில் டி.எஸ்.பி.யின் குரல் கேட்டது: “வாத்தியாரே, தயவுசெஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க.”

முக்காலி

சொன்னேன். எப்படியோ சொன்னேன். அருணாசலம் உடனே விட்டார். டி.எஸ்.பி. எழுந்து, மூச்சு வாங்க, உட்கார இடம் தேடினார். நாற்காலிகள் எல்லாம் முன்வாசலில் பந்தலுக்கடியில் கிடந்தன. மணலை ஒட்டிய வேலியோரமாக அப்போது என் மாமனார் உட்கார்ந்திருந்தார். நான் தோற்பதைப் பார்த்துவிட்டுக் கையோடு கடைக்குக் கூட்டிப்போக வந்தவர். போலீஸ் ஸ்டேஷனில் நம்மை எவன் உட்காரச் சொல்லுவான் என்று முன்யோசனையாக, எனக்கென்று அடித்து வைத்திருந்த முக்காலியையே பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். டி.எஸ்.பி. தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, மேல்துண்டால் அதைத் துடைத்து முன்னால் தள்ளினார்.

டி.எஸ்.பி. அதில் உட்கார்ந்துகொண்டு, மீசை மண்ணைத் துடைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வயிறு குலுங்கவும் சிரித்தார். “இதுக்கு மேல என்ன பார்க்கணும்? இவரை இப்பவே நிரந்தரமாப் போடச் சொல்லி எழுதும்” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அருணாசலத்தின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினார். அருணாசலம் என்னைப் பார்த்தார், சல்யூட் வைக்கலாமா என்று. வையும் என்றேன்.

மாமனார் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே முக்காலியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து என் மனைவி பேச்சியம்மாளும் நானும் கீழப்பாவூருக்குப் போனபோது, முக்காலி கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்து நின்றது. வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் அதைக் காட்டி அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் டி.எஸ்.பி. கடைக்கே வந்துபோனது போல இருந்தது. “அப்பா, இவுகளக் கடைக்கு எப்பம் கூப்பிடப் போறிய?” என்று பேச்சி சும்மா சீண்டினாள். அவருக்கு வந்ததே கோபம். “ஏட்டி, கூறில்லாமப் பேசாத. டி.எஸ்.பி. ஒக்காந்த முக்காலியில ஒம் மாப்பிளைய எப்படி ஒக்கார வைக்க?”

ஆக, ஆளைக் கீழே தள்ளச் சொல்லிக்கொடுத்து நான் வாங்கிய பேரெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், மிளகாய் வற்றலிடமிருந்து என்னைக் காப்பாற்றியது ஓர் அதிகாரி மூச்சு வாங்க உட்கார்ந்த இடம்தான்.