ஐரிஸ் ஓட்டிய பத்து மைல்

மஞ்சள் பலகையைக் கண்ட பிறகுதான் தாங்கள் தவறான சாலையில் வந்திருப்பது ஐரிஸுக்குத் தெரிந்தது. பலகையில் சரிவில் இறங்கும் லாரிப் படம். அதன் கீழே, பத்து மைலுக்குக் கடும் இறக்கம் என்ற எச்சரிக்கை.

"ஆர்வின், நிறுத்து."

"ஏன், மகாராணிக்கு அவசரமா? பாத்ரூம்தான் நம்ம பின்னாடியே வருதே."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

சாலையோரத்துச் சரளைத் தளத்தில் டிரக்கை ஒதுக்கினார் அவள் கணவர் ஆர்வின். பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த முப்பத்தைந்து அடி டிரெய்லர் வீடு, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பதினோரு ஆண்டுகளாக அவர்களுக்கு அதுதான் வீடு. கோடை முழுவதும் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலை முகாமில் விறகு பிளந்து, கழிவறை கழுவி, கூடாரம் போட வருபவர்களுக்கு இடம் காட்டுவார்கள். அக்டோபரில் கீழே லவல் ஊரில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. பனிக்காலத்துக்கு அரிசோனா. ஒவ்வோர் ஆண்டும் மலையுச்சியில் சாலை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி, ஷெல் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். இன்று ஆர்வின் வலப்பக்கம் திரும்பிவிட்டார். வீட்டை இழுத்துக்கொண்டு யாரும் விரும்பி இறங்காத சாலை அது. ஐரிஸ் குனிந்து மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

ஆர்வின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மிகக் கீழே, மங்கலாக, சமவெளி விரிந்து கிடந்தது.

"ஐரிஸ், இது எந்த மலை?"

அவர் கேலி செய்யவில்லை.

அவருக்கு மறதி வருகிறதென்று மே மாதத்திலேயே அவளுக்குத் தெரியும். ஒரு நாள் கழிவுநீர்க் குழாயைக் கழற்றாமலே வண்டியை எடுத்தார். இன்னொரு நாள் அவளை இறந்துபோன தன் அக்காவின் பெயர் சொல்லி அழைத்தார். மகள் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், "அப்பாவுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு" என்றாள் ஐரிஸ். இன்னும் ஒரு பருவம், இன்னும் ஒரே ஒரு பருவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பொய் இன்று இருவரையும் இந்த மலை விளிம்பில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது.

கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. வடக்கே பனிமேகம் சாம்பல் நிறத்தில் திரண்டுகொண்டிருந்தது. பனி விழுந்தால் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை.

அரைமணி கழித்து, மேலே ஏறி வந்த மாட்டுக்காரர் ஒருவர் தன் டிரக்கை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டீங்க? ஆட்டுக்கே கால் வழுக்கும் இங்க."

"பிரேக் ஆறட்டும்னு நிறுத்தினோம்" என்றாள் ஐரிஸ்.

"லவலுக்கா? கிழங்கு வேலைக்கா? அங்க என் தம்பிதான் மேஸ்திரி. சொல்லி வைக்கிறேன்."

உதவி கேட்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. இவரிடம் சொன்னால் மாலைக்குள் கிழங்குக் களம் முழுக்கத் தெரிந்துவிடும். மறதி வந்த மனிதனை இயந்திரங்களுக்கு நடுவே யார் நிற்க விடுவார்கள்? வேலை போகும். பிறகு மகள் வருவாள், முதியோர் இல்லத்தின் படிவங்களோடு.

"ரொம்ப நன்றிங்க" என்று சிரித்தாள். அந்த டிரக் வளைவில் மறைந்ததும், தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது.

"நீ ஓட்டுறியா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஆர்வின் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் மினசோட்டாவில் பால் டேங்கர் ஓட்டிய கைகள்.

"எந்த மலைன்னு தெரியாம இறங்கினதே இல்ல நான். இன்னிக்கும் இறங்க மாட்டேன்."

ஐரிஸ் பத்தொன்பது வயதில் ஒருமுறை பனியில் கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். அதற்குப் பிறகு கடைக்குப் போகச் சின்னக் கார் ஓட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். இந்த டிரக்கின் ஓட்டுநர் இருக்கையில், துடைப்பதற்குத் தவிர, உட்கார்ந்ததே இல்லை. இப்போது உட்கார்ந்தாள்.

"இருக்கையை முன்னால இழு. நீ என்ன, என் உசரமா?" என்றார் ஆர்வின் பக்கத்திலிருந்து. "ரெண்டாம் கியர் போடு. கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், போனதுக்கப்புறம் இல்ல. வேகம் இருபத்தஞ்சைத் தொட்டா பிரேக்கை நல்லா அழுத்து. பதினஞ்சுக்கு வந்ததும் சுத்தமா விட்டுடு. சும்மா கால வச்சுக்கிட்டே இருக்காத, தீஞ்சு போகும்."

அந்தக் குரலில் தடுமாற்றமே இல்லை. எந்த மலையென்று தெரியாத மனிதர் பேசுவது போலவே இல்லை.

வண்டி நகர்ந்தது. உடனே பின்னாலிருந்து வீடு தள்ளத் தொடங்கியது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல.

"டேங்கர்ல பாலும் இப்படித்தான் தள்ளும். பயப்படாத, அழுத்து. இப்ப விடு. விடுன்னா முழுசா விடு, ஐரிஸ்."

அழுத்தினாள், விட்டாள். வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஆகாயம். இரண்டு மைல் போனது. மூச்சு விடலாம் போலிருந்தது.

"அடுத்த வளைவு வலப்பக்கம் போகும். நல்ல அகலம். கொஞ்சம் ஓடவிட்டு எடு" என்றார் ஆர்வின்.

நம்பினாள். பிரேக்கை விட்டு ஓடவிட்டாள். வளைவு இடப்பக்கம் போனது. அகலமும் இல்லை. ஐரிஸ் கத்தக்கூட முடியாமல் ஸ்டியரிங்கை ஒடித்தாள். டிரெய்லரின் சக்கரம் சாலையோரச் சரளையைக் கரகரவென்று அரைத்தது. வீட்டுக்குள் அலமாரி திறந்து தட்டுகள் சரிந்து நொறுங்கின. எப்படியோ வண்டி மீண்டும் தார்ச்சாலைக்கு வந்தது.

"நீ சொன்னது நாம முன்ன இறங்கின ஓரிகன் மலை, ஆர்வின்" என்றாள்.

கண் கலங்கியதில் சாலை இரண்டாகத் தெரிய, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ரோட்டைப் பத்தி நான் எது சொன்னாலும் கேக்காத. அத உன் கண்ணால பாத்துக்க. பெடல்ல இருக்கிற உன் காலைப் பத்திச் சொன்னா மட்டும் கேளு" என்றார் ஆர்வின்.

ஐந்தாவது மைலில் ஒரு கருகல் வாடை வந்தது. ஐரிஸுக்கு முன்பே அவர் மூக்கு கண்டுகொண்டது.

"பிரேக் சூடாயிருச்சு. வேகம் இறங்கினதும் ஒண்ணாம் கியருக்குத் தட்டு."

"எஞ்சின் வெடிச்சிடாதா?"

"தட்டு."

ஓரிகனையும் வயோமிங்கையும் குழப்பிய மனிதர். இப்போது குழப்பவில்லை என்று யார் சொன்னது? வாடை தொண்டையைக் கரித்தது. யோசிக்க நேரமில்லை. ஐரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். எஞ்சின் அலறிய அலறலில் அவள் உடம்பே அதிர்ந்தது.

"அலறட்டும் விடு. அது அலறுற வரைக்கும் நாம உயிரோட இருக்கோம்னு அர்த்தம்."

அலறிக்கொண்டே இறங்கினார்கள். அவள் கண் சாலையை விட்டு நகரவில்லை. அவர் விரல்கள் தன் முழங்கால் மேல் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தன, அவள் கால் செய்வதையெல்லாம் அப்படியே செய்துகொண்டு.

சாலை சமமானபோது ஐரிஸுக்கு அது புரியவே சற்று நேரம் ஆனது. இருபுறமும் கிழங்கு வயல்கள். ஈர மண் வாசனை.

"பரவால்லயே, டேங்கர் கம்பெனில சேந்திருக்கலாம் நீ" என்றார் ஆர்வின். பிறகு முன்னால் கையைக் காட்டி, "அதோ அங்க ஒதுக்கு. இனி நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

முப்பத்தெட்டு வருடப் பழக்கம். அவள் கை தானாகவே சிக்னலைப் போட்டது. ஒதுங்கும் இடம் நெருங்கியது. நிறுத்தினால் அவர் இந்தப் பக்கம் வந்து உட்காருவார். நாளை எந்தப் பக்கம் திரும்புவார்? அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

நிறுத்தாமல் அந்த இடத்தைக் கடந்து போனாள்.

ஆர்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மைல் போயிருக்கும். தொண்டையைச் செருமினார்.

"சிக்னல் இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கு, ஐரிஸ். அணைச்சிடு" என்றார்.