நடுத்தரப் பிரிவில் ஒரு கடிதம்

போன வாரம் ஒரு கல்யாணக் கார்ட் வந்தது. உச்சியில் நாலு வரி அரபு, தங்க நிற மையில். கொண்டுவந்து தந்த மாப்பிள்ளையின் வாப்பாவிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அச்சகத்தில் ஏற்கனவே இருந்ததாம். பார்க்க நல்லாயிருந்ததால் போடச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நான் சிரிக்கக் கூடாத ஆள் என்பதும் ஞாபகம் வந்தது.

நான் முறையாக அரபு படித்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு. ஊரில் பாதிப் பேர் அரபு நாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட்டும் கையுமாகத் திரிந்த காலம் அது. போகிறவர்கள் எங்கள் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் போகாதவர்கள். நான் தமிழ்ப் பாட ஆசிரியன். மற்றவர்கள் இரண்டு கிளாக்கர்மார், ஒரு தபாலதிபர், ஓய்வுபெற்ற ஒரு கிராம விதானை. வகுப்பின் பெயர் 'இலக்கியம், பண்பாடு வழியாக அரபு: நடுத்தரப் பிரிவு'. ஆரம்பப் பிரிவு என்று ஒன்று நடந்ததேயில்லை. சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவர்களை ஆரம்பத்தில் உட்காரவைத்தால் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்கள் என்று நடத்தியவருக்குத் தெரியும்.

நடத்திய மௌலவி எங்களைவிட இளையவர், வெளிநாட்டில் படித்து வந்தவர், பாவம், நல்ல மனிதர். அரபிகள் தருகிற காவாக் கோப்பியை எந்தக் கையால் வாங்குவது, விருந்தாளி எத்தனையாவது கோப்பையோடு போதும் என்பது, காதலியின் ஆட்கள் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போன இடத்தைப் பார்த்துப் பழைய கவிஞன் எப்படி அழுவது, எல்லாம் சொல்லித் தந்தார். காவாவை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பிளேன்டீயை வைத்துக்கொண்டு வாங்கிப் பழகினோம். ஒட்டகத்துக்கு எனக்குப் பன்னிரண்டு பெயர் தெரியும். 'ஆஸ்பத்திரி எங்கே' என்று கேட்கத் தெரியாது.

கீழே, புடவைக்கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் உதுமான் காக்கா. அரபு நாட்டில், தம்மாமில் ஏழு வருஷம் லொறி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அவரும் வகுப்பில் சேரக் கேட்டார். மௌலவிக்குச் சம்மதம்தான், நாங்கள்தான் விடவில்லை. அவருடையது சந்தை அரபு, அதில் இலக்கணம் கிடையாது என்றோம். முன்னுக்கு நின்று சொன்னவன் நான்.

ஒரு சனிக்கிழமை வரிப்பத்தான்சேனையிலிருந்து ஆசியா உம்மா என்ற பெண் படியேறி வந்தார். மகள் நசீமா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மாதம் தவறாமல் தமிழில் எழுதுகிறவள், சில மாதமாக எழுதவில்லை. இப்போது அந்த வீட்டு எசமானியிடமிருந்து அரபில் ஒரு கடிதம் வந்திருந்தது. அதைப் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அரபு எழுத்துள்ள கடதாசி எதுவானாலும் எங்கள் ஆட்கள் கீழே போடமாட்டார்கள். தெருவில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு சுவர் இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். சவர்க்கார உறையானாலும் அப்படித்தான். ஆசியா உம்மாவும் முத்தமிட்டுத்தான் கடிதத்தை நீட்டினார்.

மௌலவி அன்று ஊரில் இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அரபிகள் ஸலாமிலும் துஆவிலும் சுகம் விசாரிப்பதிலுமே அரைப் பக்கத்தை இழுப்பார்கள். முந்திய வாரம்தான் பண்பாட்டுப் பாடத்தில் படித்திருந்தோம். அந்த அரைப் பக்கத்தையும் ராகம் போட்டு வாசித்து விளக்கமும் சொன்னேன். தபாலதிபர் "மாஷா அல்லாஹ்" என்றார். மிச்ச அரைப் பக்கம் தலைகால் புரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒண்டும் யோசிக்காதீங்க உம்மா. எல்லாரும் சுகம் எண்டுதான் எழுதியிரிக்காங்க," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்தார். கடிதத்தைக் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நாங்கள் வகுப்பை நேரத்தோடு முடித்துப் பிளேன்டீ குடித்தோம், கோப்பையை வலது கையால் வாங்கி. எவ்வளவு பெரிய பண்டிதர்கள்!

மூன்று மாதம் கழித்து நோன்பு வந்தது, வகுப்பு லீவு. டியூப் ஒட்டக் காக்காவின் கடைக்குச் சைக்கிளைக் கொண்டுபோய் நின்றபோது ஆசியா உம்மா திரும்ப வந்தார், அதே பச்சைத் துணியோடு. பிள்ளையிடமிருந்து ஒரு சேதியும் இல்லையாம்; இன்னொரு தரம் வாசித்துப் பார்க்கவேண்டுமாம். நான் வாயெடுப்பதற்குள் உதுமான் காக்கா எழுந்து வந்தார். கை முழுக்கக் கிறீஸ்.

"ஊத்தைக் கையால அரபெழுத்தத் தொடக்கூடா. நீங்க புடிங்க மாஸ்டர்," என்றார்.

நான் பிடித்தேன். ஸலாமையும் துஆவையும் ஒரே தாவில் கடந்து கீழ்ப்பாதிக்குப் போனார். எசமானி வீட்டில் கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தாள், நாங்கள் இளக்காரம் பண்ணிய அதே சந்தை அரபில். காக்கா வரிவரியாகச் சொன்னார். நசீமாவுக்குக் கடும் சுகவீனம். சாப்பிடுகிறாளில்லை. உம்மாவைக் கேட்டு அழுகிறாள். நீங்கள் ஒரு வரி எழுதினால் உடனே அனுப்பிவைக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். கடிதத்தைக் கீழே வைக்கவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஆசியா உம்மா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"அண்டைக்கு நீங்க வாசிச்சதும் இந்தக் கடதாசிதானா மாஸ்டர்?"

உதுமான் காக்கா கையைக் கழுவிவிட்டு அங்கேயே பதில் எழுதினார். எழுத்தெல்லாம் ஒரே பிழை. அந்த நேரத்திலும் நான் மனதுக்குள் பிழை திருத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நசீமா அடுத்த மாதம் வந்து சேர்ந்தாள். தானாக நடந்து போனவளை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். நடமாட ஒரு வருஷம் சென்றது. முந்தியே கொண்டுவந்திருந்தால் இவ்வளவுக்கு வந்திராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அந்த மேல்மாடியில் இப்போது போன் கடை. உதுமான் காக்காவின் சைக்கிள் கடையும் இல்லை, அவரும் இல்லை. அரபு எழுத்து ஊர் முழுக்க, கடைப் பலகையிலும் பையிலும். குனிந்து எடுத்து முத்தமிடத்தான் ஆளில்லை. கல்யாணக் கார்டுக்கு மேலே மருமகள் போனைப் பிடித்தாள். நொடியில் தமிழில் வந்துவிட்டது. நல்லது. என்னைப் போன்ற ஆளைத் தேடி இனி யாரும் படியேற வேண்டியதில்லை. அன்று ஆசியா உம்மா கேட்டதற்கு நான் 'ஓம், அதேதான்' என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமென்றால், கேட்டவர் மௌத்தாகி அடக்கமாகிப் பல வருஷம்.