ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஐ.சி. மாற்றுவதா?

எழுபதுகளின் கடைசியிலேயே எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகிறார்கள். அதை உப்புக்காற்று படாமல் மூடி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம். என் கணவர் அங்கே என்ஜினீயர். அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த சாமான் அது. டி.வி. பெட்டி மாதிரி பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பச்சைப் பலகை, அதில் இருபது சொச்சம் பித்தான்கள், மேலே சிவப்பாக எரியும் ஆறு எண்கள், அவ்வளவுதான். கரண்ட் போனால் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்கு மறந்துவிடும். மறுபடியும் கேசட்டிலிருந்து ஊட்ட வேண்டும். அந்தக் கேசட் ஓடியது என் டேப் ரிக்கார்டரில். நான் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வாங்கிய டேப் ரிக்கார்டர், அணில் மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு கிடந்தது.

இத்தனை பாடுபட்டு அதில் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? ஜாதகப் பொருத்தம் பார்த்தார். ராகு காலம் என்று சொன்னாலே சிரிக்கிற மனுஷர். நம்பிக்கை எல்லாம் கிடையாது, அந்தக் கணக்கு அழகாக இருக்கிறது என்பார். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் நம்பர் கொடுத்திருந்தார். பெண்ணின் நம்பரையும் பையனின் நம்பரையும் தட்டினால், பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று எரியும். பக்கத்திலேயே இன்னொரு எண், ரஜ்ஜுவுக்கு. ஒன்று என்றால் உண்டு, சைபர் என்றால் இல்லை. ரஜ்ஜு இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் இருந்தாலும் எங்கள் பக்கத்தில் பூ வைக்க மாட்டார்கள். தாலிக்கு ஆகாது என்பார்கள்.

அப்பாவும் அம்மாவும் போனபின் என் தங்கையின் கல்யாணம் எங்கள் தலையில்தான் இருந்தது. செங்கல்பட்டில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். அங்கேயே பெண்கள் விடுதியில் இருந்தாள், சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுக்கு மதுராந்தகத்திலிருந்து ஒரு வரன் தானாக வந்தது. பையன் செங்கல்பட்டிலேயே ஏதோ ஆபீசில் கிளார்க் என்றார்கள். அவன் அப்பா அரிசி ஆலை வைத்திருந்தார். பெண்ணுக்குப் புனர்பூசம், நம்பர் ஏழு. பையனுக்கு உத்திரம், நம்பர் பன்னிரண்டு. டைப்பிஸ்ட் விரல் ஆயிற்றே என்று அவளையே தட்டச் சொன்னார் இவர். பத்துக்கு எட்டு. ரஜ்ஜு உண்டு. எனக்கு நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது.

ஆலைக்காரருக்கு இவர் சொல்லி அனுப்பினார். அந்த மனுஷர் துள்ளிக் குதித்தாராம். ஜோசியனுங்க ஆளைப் பார்த்து மாத்திச் சொல்வானுங்க, மிஷினுக்கு இன்னா ஆசை என்று கேட்டாராம். வேறு எங்கும் ஜாதகம் காட்டப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து மிஷினைக் கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே பூ வைத்துவிடுகிறேன் என்று தகவல் வந்தது.

அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது பவுடர் டப்பா.

அமெரிக்க நண்பர் யாரிடமோ கொடுத்தனுப்பியது. திறந்தால் பவுடர் இல்லை. கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த ஓர் ஐ.சி., காலை நீட்டிப் படுத்த கரப்பான் பூச்சி மாதிரி. மிஷின் கண் விழித்ததும் என்ன செய்ய வேண்டும், எந்தப் பித்தானை எப்படிப் படிக்க வேண்டும், கேசட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்கிற மூல புத்தி முழுவதும் அந்த ஒரு பூச்சிக்குள் இருக்கிறதாம். இது புதுப் புத்தி. பழையதைப் பிடுங்கிவிட்டு இதை மாட்ட வேண்டும். நண்பர் கடிதத்தில் எழுதியிருந்தார்: பழையதில் சில சமயம் ஒரு தட்டு தட்டினால் இரண்டு தட்டாக விழும், கேசட் சரியாக ஏறாது, புதியதில் இரண்டும் சரி. ஆனால் பழைய கேசட் எதுவும் புதியதில் ஏறாது. எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்து முதலிலிருந்து தட்ட வேண்டும்.

மாற்றுவதா வேண்டாமா? நாலு நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எதிர்வீட்டு என்ஜினீயர் உடனே மாற்று என்றார். மாடிவீட்டுக்காரர், வேலை செய்கிற சாமானைத் தொடுகிறவன் என்ஜினீயரே இல்லை என்றார். இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டார்கள், காபி போட்டுக் கொடுத்தது நான். கல்யாணத்தைப் பேசி முடித்தபின் எதை வேண்டுமானாலும் பிடுங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கை வைக்காதீர்கள் என்று நான் சொன்னது காகிதத்தில் எந்தப் பக்கமும் ஏறவில்லை.

குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள்கூட, அவர் லென்ஸை வைத்துக்கொண்டு பலகையைக் குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு என்னிடம் விசாரித்தாள். சொன்னேன்.

"பழசு ஓடிக்கினுதானே கீது?"

ஓடுகிறது என்றேன்.

"ஓடிக்கினு கீறத்த ஏம்மா நோண்டறாரு?" என்று கேட்டுவிட்டுச் சங்கரா மீனை நறுக்க ஆரம்பித்தாள். நாலு நாளில் நான் கேட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தார். கேசட் நாலு தடவை ஏறவில்லை. ஆலைக்காரர் முன்னால் இப்படி ஆனால் மானம் போய்விடும் என்று அதோடு முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கே குளித்துவிட்டு உட்கார்ந்தார். ஏன் இந்த அவசரம் என்றால், ஒன்பதுக்குள் மாட்டிவிட வேண்டுமாம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு என்ன ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ராகு காலத்துக்குச் சிரிக்கிறவர் என் முகத்தைப் பார்க்காமல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் என்றார்.

பகல் முழுக்கத் தட்டி முடித்துவிட்டு, சரிபார்க்க ஏழையும் பன்னிரண்டையும் தட்டினார். ஐந்து எரிந்தது. ரஜ்ஜு சைபர்.

மறுபடி தட்டினார். ஐந்து, சைபர். பஞ்சாங்கத்தை எடுத்துக் கையால் கணக்குப் போட்டார். ஐந்து, சைபர். திடீரென்று துள்ளி எழுந்து, புரிந்துவிட்டது என்று கத்தினார். பழைய ஐ.சி. பன்னிரண்டில் இரண்டை இரட்டையாக எடுத்துக்கொண்டுவிட்டதாம். ஒன்று, இரண்டு, இரண்டு என்று விழுந்தால் மிஷினுக்குக் கடைசி இரண்டு எண்தான் கணக்கு. ஆக இருபத்திரண்டு, திருவோணம். அந்த எட்டுப் பொருத்தம் யாரோ ஒரு திருவோணத்துப் பையனுக்கு! புது ஐ.சி. எவ்வளவு சுத்தம் பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பழையதைத் திரும்ப மாட்டுங்கள் என்றேன். பொய் சொல்கிறது என்று தெரிந்தபின் எப்படி மாட்டுவது என்றார். நீங்கள் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பேரனா என்று கேட்டேன். நானாக எதையும் சொல்ல மாட்டேன், ஆனால் ஆலைக்காரர் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்றார். நான் அழுதேன், திட்டினேன். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தங்கை பையோடு வந்து நின்றாள். விஷயம் கேட்டாள். பையைக் கீழே வைத்தாள்.

"மிஷின் மேல பழி போடாதீங்க அத்தான். ரெண்டை ரெண்டு தடவை தட்டினது நான்தான்."

எல்லாம் வெளியே வந்தது. மூன்று வருஷமாக அவளும் பையனும் செங்கல்பட்டில் ஒரே ஆபீஸ். வரன் தானாக வரவில்லை, அந்தப் பையன்தான் அப்பாவைத் தூண்டி அனுப்பியிருக்கிறான். அதற்கு முன்பே இரண்டு பேரும் திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஜோசியரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்கள். ஐந்து, ரஜ்ஜு இல்லை. அதற்கப்புறம்தான் என் தங்கை இவருடைய நோட்டை எடுத்து, எந்த நம்பர் தட்டினால் எட்டு வரும் என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

என் கணவர் முகம் மலர்ந்தது. "அப்ப பழைய ஐ.சி. ஒழுங்காத்தான் இருந்திருக்கு!"

என் கையில் கரண்டி இருந்தது, நல்லவேளை அவர் தலை எட்டவில்லை.

நான் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கடைசியில், "வேற யாரையும் என்னால கட்டிக்க முடியாதுக்கா" என்றாள். புது ஐ.சி. அப்படியே இருந்தது. பழையதை மாட்டினாலும் அதே ஐந்துதானே, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மூன்று பேர் வந்தார்கள்: ஆலைக்காரர், அவர் மனைவி, பையன். அந்த அம்மாள் பூத்தட்டோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்து, மகனிடம், "உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றாள். அவர் மகனிடம், "வேணான்னு சொல்லு" என்றார். நாலடி தூரத்தில்தான் இருந்தார்கள். பிற்பாடு தெரிந்தது, அந்த அம்மாள் கன்றிலிருந்து வளர்த்த பசுவை அவர் கேட்காமல் விற்றதிலிருந்து இப்படித்தானாம்.

கேசரியை ஒரு கை பார்த்துவிட்டு ஆலைக்காரர் மிஷினுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கை பித்தான்களுக்கு முன்னால். இவர் சுவரோரமாக, யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லத் தயாராக நின்றார்.

"இரும்மா. மொதல்ல எனக்கும் இவன் அம்மாவுக்கும் போட்டுப் பாரு. மிஷினு எப்டின்னு தெரிஞ்சிடும்" என்றார் ஆலைக்காரர்.

அவர் நட்சத்திரத்தை அவர் சொன்னார். அந்த அம்மாள் தன்னுடையதை மகன் காதில் சொன்னாள். தங்கை தட்டினாள், ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தடவை.

ஒன்பது. ரஜ்ஜு ஒன்று.

"பத்துக்கு ஒன்பது!" என்றார் என் கணவர், தானே பெற்ற பிள்ளை பாஸான மாதிரி.

மூலையிலிருந்து சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குலுங்கிக்கொண்டே புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டீங்களா? ஒம்பதாம்."

பையன் வாயைப் பிளந்தான். ஆலைக்காரரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எட்டு வருசம் கயிச்சு இன்னிக்குத்தான் என்னாண்ட நேரா பேசறா. இவளுக்கும் எனக்கும் ஒம்பதாம்! இதுக்கு இன்னா சார் தெரியும்? அணைங்க மொதல்ல."

என் கணவர் வாயைத் திறந்தார். மிஷின் சரிதான் என்று நிரூபிக்கப் போகிறார், பஞ்சாங்கத்துக்குக்கூடக் கை போய்விட்டது. நான் அவர் காலை என் காலால் அழுத்தி மிதித்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

ஆலைக்காரர் என் தங்கை பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எம் புள்ளைய உனக்குப் புடிச்சுக்கீதா?"

"புடிச்சிருக்கு மாமா."

அந்த அம்மாள் தட்டோடு எழுந்து வந்து பூ வைத்தாள்.

அவர்கள் பஸ் ஏறியபின் இவர் மிஷினுக்கு முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். புது ஐ.சி. ஒரு தப்பும் செய்யவில்லை, சரியாகச் சொன்னதற்காக அணைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரே புலம்பல். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பிளக்கைச் சொருகினார், புதிதாகப் பதிந்த கேசட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நம் கல்யாணத்துக்கு யாரும் பொருத்தமே பார்க்கவில்லையே, இப்போது புதுசும் மாட்டியாகிவிட்டது, உன் நட்சத்திரத்தைச் சொல், பார்த்துவிடலாம் என்றார்.

மீன்காரம்மா கேட்டதையே நானும் கேட்டேன்.

"ஓடிக்கினுதானே கீது?"

அவர் சிரித்துவிட்டுப் பிளக்கை அவரே பிடுங்கினார்.